பழைய வீட்டுக் கணினியில் ரஷ்ய, ஜப்பானிய எழுத்துகள்: விண்டோஸ் 98 ஐ மாற்றாமலே படிக்க வழி உண்டா?

முலுண்ட்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா பணி ஓய்வு பெறும்வரை ரஷ்ய, ஜப்பானியப் பொறியியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவந்தவர். அவருடைய உழைப்பு முழுவதும் வீட்டிலுள்ள ஒரு பழைய கணினியில்தான் இருக்கிறது. பென்டியம் 3 செயலி, 128 எம்பி நினைவகம், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, குழாய்த் திரை. இணைய இணைப்பு கிடையாது. சென்ற மாதம் அதன் வன்தட்டு தடுமாறத் தொடங்கியதால், லாமிங்டன் சாலையில் ஒரு கடையில் கொடுத்து வேறு வன்தட்டு பொருத்தி விண்டோஸ் 98 ஐயே திரும்ப நிறுவி வாங்கி வந்தோம். கோப்புகள் அனைத்தையும் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலம் தவிர்த்த எந்த எழுத்தும் இப்போது திரையில் சரியாகத் தெரிவதில்லை.

ரஷ்யக் கோப்புகளைத் திறந்தால், தலையில் கொக்கியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வருகின்றன. ஜப்பானியக் கோப்புகளில் சில வெறும் கட்டங்களாகவும், சில டாலர் குறியும் ஆங்கில எழுத்துகளும் கலந்த குப்பையாகவும் தெரிகின்றன. சில ரஷ்யக் கடிதங்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேள்விக்குறிகளாகவே இருக்கின்றன. பெரியப்பா எழுதிய தமிழ்க் கடிதங்களையும் படிக்க முடியவில்லை. அண்மையில் நான் என் மடிக்கணினியிலிருந்து கொண்டுவந்து போட்ட தமிழ்க் குறிப்புகளில் மட்டும் எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் கொம்புகள் இடம் மாறி நிற்கின்றன.

கடைக்காரர் இயந்திரத்தையே மாற்றச் சொல்கிறார். அப்பா அதற்கு ஒப்பவில்லை. பழைய வன்தட்டு என்னிடமே இருக்கிறது. பொறுமையாக முயன்றால் இன்னும் படிக்க முடிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

மாட்டுங்கா நிரலர்:

நண்பரே, முதல் வேலையாக அந்தப் பழைய வன்தட்டு முழுவதையும் ஒரு புதிய கணினியில் அப்படியே நகலெடுத்து, அந்த நகலைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டி வைத்துவிடுங்கள். விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை மறக்காதீர்கள். அப்பா இத்தனை ஆண்டுகளில் சேர்த்த எழுத்துருக்கள் அனைத்தும் அங்கேதான் இருக்கும். அதுவரை எந்தக் கோப்பையும் நோட்பேடில் திறந்து சேமிக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நீங்கள் விவரித்தவை அனைத்தும் பார்வைக்கு ஒரே கோளாறுபோலத் தோன்றினாலும் நான்கு வெவ்வேறு கோளாறுகள். திரையில் தெரியும் பிழையின் வடிவத்தை வைத்தே எது குறைகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

கொக்கி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் கோப்புக்கு எந்தச் சேதமும் இல்லை. கோப்பில் இருப்பவை எண்கள் மட்டுமே. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 எண்கள் அடங்கும். அவற்றில் முதல் 128 ஆங்கிலத்துக்கு என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மேல் பாதியிலுள்ள 128 இடங்களை ஒவ்வொரு நாடும் தன் எழுத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆங்கில விண்டோஸ் 98 அந்த மேல் பாதியை 1252 என்னும் மேற்கு ஐரோப்பிய அட்டவணைப்படி வாசிக்கிறது. சரியான அட்டவணையைக் காட்டிவிட்டால் அதே எண்கள் ரஷ்ய எழுத்துகளாகிவிடும்.

கட்டங்கள் தெரிந்தால், எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று கணினிக்குப் புரிந்திருக்கிறது, அதை வரைந்துகாட்ட எழுத்துருதான் இல்லை. இது எளிதில் தீரும் குறை.

கொம்பு இடம் மாறி நிற்பது மூன்றாவது வகை. அட்டவணையும் எழுத்துருவும் இருக்கின்றன. எழுத்துகளை உரிய வரிசையில் கோத்து வரையும் மென்பொருள் அடுக்கு இல்லை. உங்கள் மடிக்கணினிக் குறிப்புகள், உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) என்னும் அட்டவணைப்படி இருக்கின்றன. ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது இயங்குதளத்தின் பொறுப்பு. மைக்ரோசாப்ட் இயங்குதளங்களில் தமிழுக்கும் தேவநாகரிக்கும் அந்தப் பொறுப்பை முதலில் ஏற்றது விண்டோஸ் 2000. லதா, மங்கள் எழுத்துருக்கள் அதனோடுதான் வந்தன. விண்டோஸ் 98 இல் இந்த ஏற்பாடு கிடையாது.

கேள்விக்குறிகளைத்தான் அஞ்ச வேண்டும். ஒரு நிரல் ஒருங்குறி எழுத்தை 1252 அட்டவணைக்குள் திணிக்க முயன்று, அங்கே இடம் இல்லாதபோது அதற்குப் பதிலாக 63 என்ற எண்ணை எழுதிவிடுகிறது. அதுதான் கேள்விக்குறி. அந்த நிலையில் கோப்பைச் சேமித்துவிட்டால் உள்ளே 63, 63, 63 என்றுதான் இருக்கும். எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது. நோட்பேட் பற்றி நான் எச்சரித்தது இதற்காகத்தான். அந்தக் கடிதங்கள் மின்னஞ்சலில் வந்தவையா? அப்பா அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்தியிருந்தால், டிபிஎக்ஸ் என்று முடியும் அஞ்சல்பெட்டிக் கோப்புகளைப் பழைய வன்தட்டில் தேடுங்கள். வந்த அஞ்சல் மாறாமல் அதற்குள் இருக்கும்.

டோம்பிவிலி ஆசிரியை:

எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிப் புதிய கணினியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? இன்றைய கணினியில் ரஷ்யம், ஜப்பானியம், தமிழ், மராத்தி அனைத்தும் ஒரே பக்கத்தில் தெரியும். பழைய இயந்திரத்தோடு போராடுவதால் யாருக்கு என்ன பயன்? அந்தப் பெரியவருக்குப் புதிய கணினியைப் பழக்கிவிடுவது நல்லதில்லையா?

முலுண்ட்வாசி:

ஆசிரியர் அம்மா, பாதுகாப்புக்கு நீங்கள் சொல்வதைச் செய்யத்தான் போகிறேன். ஆனால் அப்பாவின் கண் பார்வை குறைந்துவருகிறது. அந்த விசைப்பலகையில் எந்த விசை எங்கே என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். அந்தத் திரையில் எழுத்தின் அளவும் நிறமும் அவருக்கு ஏற்றபடி இருக்கின்றன. காலையில் உட்கார்ந்து தன் பழைய மொழிபெயர்ப்புகளைத் திருத்திக்கொண்டிருப்பதுதான் அவருடைய நாள். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வழி கேட்கிறேன்.

செம்பூர் பெரியவர்:

தம்பி, நீங்கள் கேட்பது நியாயமானது. ரஷ்யத்துக்கு நான் வழி சொல்கிறேன். நானும் அந்தக் காலத்தில் ரஷ்யம் படித்தவன், எழுத்துகளுக்கு எண் தரும் இந்தக் குறியாக்கங்களோடு நெடுநாள் பழக்கம்.

விண்டோஸ் 98 ரஷ்யம் அறியாததல்ல. கண்ட்ரோல் பேனலில் நிரல்களைச் சேர்க்கும் பகுதிக்குள் விண்டோஸ் செட்டப் என்ற தாவலுக்குப் போனால், அங்கே பன்மொழி ஆதரவு என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் பால்டிக், மத்திய ஐரோப்பியம், கிரேக்கம், துருக்கியம் ஆகியவற்றோடு சிரிலிக்கும் இருக்கும். அதில் குறியிட்டால் குறுந்தகடு கேட்கும். குறுந்தகடு கைவசம் இல்லையென்றால், விண்டோஸ் அடைவுக்குள் ஆப்ஷன்ஸ் என்ற கோப்புறையில் கேப்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். பல கணினிகளில் நிறுவல் கோப்புகளை அங்கேயே வைத்துவிடுவார்கள். நிறுவி முடித்தபின் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றும் சிரிலிக் எழுத்துகளோடு வந்துவிடும். அதன்பின் கீபோர்டு பகுதியில் ரஷ்ய விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்பது. ரஷ்யத்துக்குக் குறைந்தது மூன்று அட்டவணைகள் புழக்கத்தில் இருந்தன: விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு 866, விண்டோஸுக்கு 1251, யூனிக்ஸுக்கும் மின்னஞ்சலுக்கும் கோய்8-ஆர். இவற்றைப் பிரித்தறிய மென்பொருள் வேண்டியதில்லை, இப்போது தெரியும் குப்பையையே உற்றுப் பாருங்கள். கொக்கி வைத்த எழுத்துகள் பெரும்பாலும் பெரிய எழுத்துகளாக இருந்தால் அது கோய்8-ஆர். பெரும்பாலும் சிறிய எழுத்துகளாக இருந்தால் 1251. இடையிடையே பவுண்டு, யென் போன்ற நாணயக் குறிகள் சிதறிக் கிடந்தால் 866. இதற்குக் காரணம் எளிது. ரஷ்யச் சிற்றெழுத்துகள் கோய்8-ஆரில் 192 முதல் 223 வரையிலும், 1251 இல் 224 முதல் 255 வரையிலும் இருக்கின்றன. மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் முதல் பகுதி பேரெழுத்துகளுக்கும் இரண்டாம் பகுதி சிற்றெழுத்துகளுக்கும் உரியது. 866 இலோ சிற்றெழுத்துகளில் முதல் பாதி 160 முதல் 175 வரை இருக்கிறது. மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் அது குறிகளுக்கான இடம்.

கோய்8-ஆரை வடிவமைத்தவர்களின் தொலைநோக்கை எண்ணி நான் இன்றும் வியப்பதுண்டு. ஒரு பைட்டின் எட்டு இரும இலக்கங்களில் (பிட்) எட்டாவதை வெட்டிவிடும் பழைய அஞ்சல் வழிகள் வழியாகப் போனாலும் செய்தி படிக்கும்படி இருக்கவேண்டும் என்பதற்காக, ரஷ்ய எழுத்துகளை இயன்றவரை அதே ஒலியுள்ள ஆங்கில எழுத்துக்குச் சரியாக 128 இடம் மேலே வைத்தார்கள். ‘வணக்கம்’ என்பதற்கு ரஷ்யர்கள் சொல்லும் ‘பிரிவேத்’ என்ற சொல்லின் எட்டாவது பிட் போய்விட்டால் பி, ஆர், ஐ, டபிள்யூ, இ, டி என்ற ஆறு ஆங்கில எழுத்துகள் எஞ்சும். அகரவரிசை தெரிந்த எவரும் வாசித்துவிடலாம். பெரிய எழுத்து சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் தலைகீழாக வரும், அவ்வளவுதான். அப்பாவின் கோப்புகளில் அப்படி ஆங்கிலத்தில் எழுதியதுபோலத் தெரியும் ரஷ்யம் இருந்தால் அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

படிப்பதற்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே பயன்படுத்துங்கள். இணையம் வேண்டியதில்லை. கோப்பை உலாவிச் சாளரத்தில் இழுத்துப் போட்டு, காட்சிப் பட்டியில் குறியாக்கம் என்பதில் சிரிலிக் டாஸ், சிரிலிக் கோய்8-ஆர், சிரிலிக் விண்டோஸ் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். உலாவி கோப்பை மாற்றாது, காட்டமட்டுமே செய்யும் என்பதால் அச்சமில்லை. திருத்த வேண்டிய கோப்புகளைமட்டும் புதிய கணினியில் 1251 க்கு மாற்றிக் கொண்டுவந்து கொடுங்கள். வேர்ட்பேடில் ஏரியல் சிரிலிக் தேர்ந்தெடுத்து அப்பா திருத்தலாம்.

முலுண்ட்வாசி:

ஐயா, மிக்க நன்றி. கேப்ஸ் கோப்புறை இருந்தது, சிரிலிக் ஏறிவிட்டது. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்ததில் கட்டுரைகள் பெரும்பாலும் 866, கடிதங்கள் கோய்8-ஆர். டாஸ் காலத்து அட்டவணைகளின் கோடுகளும்கூட உலாவியில் சரியாக வருகின்றன. கேள்விக்குறிக் கடிதங்களின் மூலம் டிபிஎக்ஸ் கோப்பில் கிடைத்துவிட்டது. நிரலர் சொல்லியிருக்காவிட்டால் அவற்றைப் போனவை என்று விட்டிருப்போம். அடுத்து ஜப்பானியம்.

அந்தேரி கிழக்கு:

ஜப்பானியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு பொருந்தாது. ஜப்பானியத் தொழில்தரமான ஜிஸ் எக்ஸ் 0208 இல் மொத்தம் 6,879 எழுத்துகள், அவற்றில் காஞ்சி என்னும் சீன வழி எழுத்துகள் மட்டும் 6,355. ஆகவே ஓர் எழுத்துக்கு இரண்டு பைட். அந்த இரண்டு பைட்டைக் கோப்பில் எப்படி வைப்பது என்பதில்தான் ஷிப்ட்-ஜிஸ், இயூசி, ஐஎஸ்ஓ-2022-ஜேபி என்ற வேறுபாடுகள் வருகின்றன.

உங்கள் டாலர் குறிக் கோப்புகள் மூன்றாவது வகை. மின்னஞ்சலுக்காக ஏழு பிட்டிலேயே அடங்கும்படி அதை அமைத்தார்கள். ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு மாறும் இடத்தில் எஸ்கேப் என்னும் 27ஆம் எண்ணும், அதைத் தொடர்ந்து டாலர் குறியும், பி எழுத்தும் வரும். ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது எஸ்கேப், திறப்பு அடைப்புக்குறி, பி. வழியில் ஏதோ ஓர் அஞ்சல் வழங்கி எஸ்கேப்பை மட்டும் உதிர்த்துவிட்டால், பின்தொடரும் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். உதிர்ந்த 27 ஐத் திரும்பச் செருகினால் முழு உரையும் மீளும். ஆனால் எல்லா டாலர்-பி இணைகளுக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு செருகக் கூடாது. அதே இணை, ஹிரகானா என்னும் ஜப்பானிய அசையெழுத்து வரிசையில் அரிதாக வரும் ஓர் எழுத்தின் எண்ணும்கூட. பெரும்பாலும் வரித் தொடக்கத்திலும் ஆங்கிலச் சொற்களை அடுத்தும் வருபவைதான் உண்மையான மாற்றக் குறிகள். நகலெடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

படிக்கவும் எழுதவும் ஜேடபிள்யூபிசிஇ என்ற இலவச நிரலைப் பரிந்துரைக்கிறேன். ஜப்பானிய விண்டோஸ் தேவைப்படாமல், தன் எழுத்துருக்களைத் தானே கொண்டுவந்து, விண்டோஸ் 95 இலும் ஓடக்கூடியது. மூன்று குறியாக்கங்களையும் திறக்கும். ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்படி தட்டினால் கானா என்னும் அசையெழுத்துகளாக்கி, அதைக் காஞ்சியாக மாற்றியும் தரும். எடிக்ட் அகராதியையும் சேர்த்துக்கொண்டால் மொழிபெயர்ப்பாளருக்கு வேறென்ன வேண்டும்? ஆபீஸ் 2000 உடன் வந்த ஏரியல் யூனிகோட் எழுத்துருவை நிறுவச் சொல்பவர்கள் உண்டு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உருக்களோடு இருபது எம்பிக்கு மேல் இருக்கும் அந்தக் கோப்பை 128 எம்பி நினைவகத்தில் ஏற்றினால் கணினி திணறும். வேண்டாம்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஷிப்ட்-ஜிஸில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட் 92. ஆங்கில டாஸில் அதுவே அடைவுகளைப் பிரிக்கும் பின்சாய்கோடு. கதகானா என்னும் மற்றோர் அசையெழுத்து வரிசையின் ‘ஸோ’ அத்தகையது: 131, 92. கோப்பின் பெயரிலேயே அந்த எழுத்து இருந்தால் ஆங்கில டாஸ் அதை அடைவு என்று எண்ணி, கோப்பு இல்லை என்று சாதிக்கும். அப்பாவிடம் ஜப்பானிலிருந்து வந்த பிளாப்பிகள் இருக்கின்றனவா? என்இசி பிசி-98 வரிசைக் கணினிகளில் எழுதியவை என்றால் இங்குள்ள சாதாரண இயக்கி படிக்காது. அவை 1,024 பைட் பிரிவுகள் எட்டு வீதம் 77 தடங்களில், நிமிடத்துக்கு 360 சுற்று வேகத்தில் எழுதப்பட்டவை. நம்முடையது 300 சுற்று. இரண்டு வேகமும் அறிந்த இயக்கி தேட வேண்டும்.

டோம்பிவிலி ஆசிரியை:

இந்த விளக்கங்களைப் படித்தபின் என் முதல் கருத்தை வற்புறுத்த மாட்டேன். இதே கேள்வி இன்னும் பழைய கணினிகளில் எப்படி இருந்தது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1984 இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தபோது, எங்கள் பள்ளிக்கும் வந்தன. அதில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம், எட்டு எண்கள். விடியு 23 என்ற கட்டளையோடு எழுத்தின் எண்ணையும் அந்த எட்டு எண்களையும் கொடுத்தால் புதிய எழுத்து பிறந்துவிடும். ‘ட’ வரைய முதல் ஆறு வரிக்கும் 128, ஏழாவதற்கு 254, எட்டாவதற்கு 0 கொடுத்தால் போதும். அதே இடத்தில் 128 க்குப் பதில் 130 என்று கொடுத்தால் ‘ப’. மாணவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் ‘ண’வின் சுழிகளை எட்டுப் புள்ளி அகலத்தில் அடக்கவே முடியாது, இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைத்துத்தான் வரைந்தோம்.

ரஷ்யம் அந்த இயந்திரங்களுக்கு எளிது. அக்காலத்து வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் நாமே வரையக்கூடிய எழுத்துகள் 21 தான். ரஷ்யத்தின் 33 பேரெழுத்துகளில் 11 ஆங்கில எழுத்துகளின் உருவத்திலேயே இருக்கின்றன. இரு புள்ளி வைத்த ‘யோ’வை விட்டுவிட்டால் மீதி சரியாக 21. ஜப்பானியத்துக்கோ காஞ்சி ஒன்றுக்கு 16 க்கு 16 புள்ளி, அதாவது 32 பைட். மேலே சொன்ன 6,879 எழுத்துக்கும் சேர்த்தால் 2,20,128 பைட். பிபிசி மைக்ரோ பி மாதிரியின் மொத்த நினைவகமே 32 கேபி. அதனால்தான் ஜப்பானியர்கள் காஞ்சிகளைத் தனிச் சில்லில் பதித்துக் கணினிக்குள் பொருத்தினார்கள்.

அந்தேரி கிழக்கு:

உண்மை, அம்மா. 1990 இல் ஐபிஎம் ஜப்பானில் வெளியிட்ட டாஸ்/வி தான் அந்தச் சில்லின் தேவையை நீக்கியது. எழுத்துருவை வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றி, சாதாரண விஜிஏ திரையில் படமாகவே வரைந்துவிடும். ஜேடபிள்யூபிசிஇ தன் எழுத்துருக்களைத் தானே சுமந்துவருவதும் அதே வழியில்தான்.

செம்பூர் பெரியவர்:

மும்பை அலுவலகங்களில் மராத்திக்கும் அப்படியொரு காலம் இருந்தது. புணேயிலுள்ள அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் தந்த ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருகினால்தான் டாஸ் திரையில் தேவநாகரி வரும்.

மாட்டுங்கா நிரலர்:

இனித் தமிழுக்கு வருவோம். பெரியப்பாவின் கடிதங்கள் என்ன எழுத்துருவில் எழுதப்பட்டவை என்று முதலில் கண்டறிய வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடியாது. அந்த நிலையைச் சீர்செய்ய இணையத் தமிழர்கள் பலர் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியது டிஸ்கி என்னும் பொதுக் குறியாக்கம். 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப்பின் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. தமிழ் நூல்களை மின்னூலாக்கி வழங்கும் மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் டிஸ்கியில் இருந்ததால், அக்காலத்தில் வெளிநாட்டு உறவுகளோடு அஞ்சல் எழுதியவர்கள் பலரிடம் டிஸ்கி எழுத்துரு இருந்தது. பழைய வன்தட்டின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் டிஎஸ்சி என்று தொடங்கும் கோப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அவற்றைப் புதிய நிறுவலில் போட்டாலே கடிதங்கள் தெரியும்.

டிஸ்கி இந்தப் பழைய இயந்திரத்துக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அதில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. கோத்து வரையும் அடுக்கு எதுவும் தேவையில்லை. எண்ணுக்கு ஓர் உரு என்று இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே போனால் தமிழ் வந்துவிடும். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தர 128 இடங்கள் போதாது என்பதால், தனியுரு தேவைப்படும் உகர, ஊகார வரிசைகள் போன்றவற்றுக்கு இடம் கொடுத்துவிட்டு, கால், கொம்பு போன்றவற்றைத் தனிக் குறிகளாக வைத்தார்கள். எட்டு பிட் உலகத்துக்குள் தமிழை முழுமையாக அடக்கிய அரிய வேலை அது.

ஆகவே என் யோசனை இது. எல்லோரும் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதைப் பற்றியே பேசுகிறோம். நீங்கள் எதிர்த்திசையிலும் செய்யலாம். உங்கள் ஒருங்குறித் தமிழ்க் குறிப்புகளைப் புதிய கணினியில் டிஸ்கிக்கு மாற்றி, அந்த நகலை அப்பாவின் கணினியில் வையுங்கள். லினக்ஸில் வரும் ஐகான்வ் என்ற கட்டளை டிஸ்கி, கோய்8-ஆர், 866, ஷிப்ட்-ஜிஸ் அனைத்தையும் அறியும். மூலம் புதிய கணினியில் ஒருங்குறியாகவே இருக்கட்டும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அது படிக்கக்கூடிய வடிவில் ஒரு நகல் போகட்டும். விண்டோஸ் 98 இலேயே ஒருங்குறித் தமிழைப் படிக்க அந்நாளில் வழி செய்தவர்களும் உண்டு. உமர் தம்பி உருவாக்கிய தேனீ இயங்கு எழுத்துரு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வழியாக அதைச் சாத்தியமாக்கியது. தமிழ் வலைப்பதிவுகளின் தொடக்க கால வாசகர்கள் பலர் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் அது உலாவிக்குள் மட்டுமே. திருத்தி எழுதுவதற்கு டிஸ்கிதான் உதவும்.

விண்டோஸ் 2000 ஐ இரண்டாவது இயங்குதளமாகப் போட்டால் ஒருங்குறித் தமிழே நேரடியாக வந்துவிடும், 128 எம்பியில் ஓடவும் செய்யும். அப்பா விரும்பினால் பின்னர் பார்க்கலாம்.

முலுண்ட்வாசி:

டிஎஸ்சி எழுத்துருக்கள் இருந்தன. பெரியப்பாவின் கடிதங்களை அப்பா நேற்று மாலை முழுவதும் படித்துக்கொண்டிருந்தார். என் குறிப்புகளையும் டிஸ்கிக்கு மாற்றிக் கொடுத்தேன், கொம்புகள் இடத்தில் நிற்கின்றன. எஸ்கேப் உதிர்ந்த ஜப்பானிய அஞ்சல்களில் பெரும்பாலானவை மீண்டுவிட்டன. பிளாப்பிகளுக்கு இயக்கி தேடிக்கொண்டிருக்கிறேன். மும்பையில் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். விண்டோஸ் 2000 வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரு கேள்வி. ஒசாகாவில் இருக்கும் பழைய நண்பருக்கு அப்பா இந்தக் கணினியிலேயே ஜப்பானியத்தில் கடிதம் தட்டச்சுச் செய்ய விரும்புகிறார். நான் அதை என் மடிக்கணினியிலிருந்து அனுப்புவேன். எந்த வடிவில் சேமிக்கச் சொல்வது?

அந்தேரி கிழக்கு:

ஜேடபிள்யூபிசிஇ இல் ஷிப்ட்-ஜிஸ் உரைக் கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். கோப்பின் பெயர் ஆங்கிலத்தில், எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும். மடிக்கணினியில் குறியாக்கத்தை ஷிப்ட்-ஜிஸ் என்று குறிப்பிட்டுத் திறந்து, எழுத்துகள் சரியாக இருப்பதைப் பார்த்தபின் உரையை அஞ்சலுக்குள் ஒட்டி அனுப்புங்கள். நண்பர் அனுப்பும் மறுமொழியை ஷிப்ட்-ஜிஸுக்கு மாற்றும்போது மட்டும் கவனம் தேவை: கைபேசியில் எழுதியிருந்தால் இமோஜிகள் இருக்கும், அவற்றுக்கு அந்த அட்டவணையில் இடம் கிடையாது. ஐகான்வ் அந்த இடத்தில் பிழை சொல்லி நின்றுவிடும். அவற்றை நீக்கிவிட்டு மாற்றி, அப்பாவின் கணினியில் கொண்டுபோய் வையுங்கள்.